டிடபிள்யூஜி லிங்க் மக்கர் செய்கிறதா? ரெவிட்டில் பழுது பார்க்கும் முழுமையான வழிகாட்டி

காலையில் ரெவிட்டில் (கட்டிடத்தை மாடலாக வரையும் மென்பொருள்) மாடலைத் திறக்கிறீர்கள். நேற்று மாலை வரை தரைத்தள பிளானில் பளிச்சென்று தெரிந்த ஸ்ட்ரக்சுரல் ட்ராயிங்கைக் காணோம். அது வெளியிலிருந்து லிங்க் (இணைப்பு) செய்திருந்த டிடபிள்யூஜி, அதாவது ஆட்டோகேட் ஃபைல். "அண்ணா, ரிமூவ் பண்ணிட்டு மறுபடி லிங்க் பண்ணிடவா?" என்கிறார் பக்கத்து இருக்கைத் தம்பி. நீங்கள் பதில் சொல்வதற்குள் பட்டனை அழுத்தியும் விட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அதையே ஒருமுறை செய்தவன். கிரிட் கோட்டிலிருந்து டிடபிள்யூஜியின் தூண் விளிம்பு வரை இழுத்து வைத்திருந்த டைமென்ஷன்கள் அத்தனையும் அந்த ஒரு கிளிக்கில் போயின. ஒவ்வொரு வியூவிலும் லேயர் லேயராக மாற்றிய நிறங்கள் போயின. 'ரிமூவ்' செய்ததை 'அன்டூ' போட்டு மீட்க முடியாது. அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்ட பிறகுதான் தெரிந்தது, லிங்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அது இருந்த வொர்க்செட்டை (மாடலின் பொருள்களைப் பிரித்து வைக்கும் தொகுதி) மூடி வைத்திருந்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் 'ரிமூவ்' கடைசி ஆயுதம். லிங்க் கெட்டுப்போகும் விதங்கள் கொஞ்சம்தான்: ஃபைல் கிடைக்கவில்லை, கிடைத்தும் தெரியவில்லை, அளவு தப்பு, இடம் தப்பு, உள்ளே பாதி காணோம், மாடல் ஆமை வேகம். எது என்று முதலில் பிரித்துவிட்டால் வேலை பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடியும்.

1. அது லிங்க்தானா?

'மேனேஜ்' டேபில் உள்ள 'மேனேஜ் லிங்க்ஸ்' ஜன்னலைத் திறந்து, கேட் (CAD) ஃபார்மட்களுக்கான பகுதிக்குப் போங்கள். உங்கள் ட்ராயிங் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் அது லிங்க். திரையில் தெரிகிறது, பட்டியலில் இல்லை என்றால் யாரோ 'லிங்க் கேட்' என்பதற்குப் பதில் 'இம்போர்ட் கேட்' அழுத்தியிருக்கிறார்கள்.

இம்போர்ட் என்பது அந்த நிமிடத்து நகல். மூல ட்ராயிங்கை எத்தனை முறை திருத்தினாலும் மாடலுக்குள் இருப்பது பழையதாகவே நிற்கும். "ரீலோட் செய்தும் மாறவில்லை" என்ற புகார்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு மருந்து, இம்போர்ட்டை நீக்கிவிட்டு முறையாக லிங்க் செய்வதுதான். நீக்கும் முன் அதன் மேல் தொங்கும் டைமென்ஷன்களைப் பார்த்து, முடிந்தவற்றை கிரிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: லிங்க் தானாகவே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம். மாடலைத் திறக்கும்போது ரெவிட் ஃபைலைப் புதிதாகப் படிக்கும். அதன் பிறகு பகலில் வரைபவர் பத்து முறை சேவ் செய்தாலும், நீங்கள் 'ரீலோட்' அழுத்தாதவரை உங்கள் திரையில் காலை நேரத்து ட்ராயிங்தான் இருக்கும்.

2. 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால்

அதே ஜன்னலில் 'ஸ்டேட்டஸ்' பகுதியைப் பாருங்கள். 'நாட் லோடட்' என்றிருந்தால் யாரோ 'அன்லோட்' செய்து வைத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுத்து 'ரீலோட்' கொடுத்தால் முடிந்தது. 'நாட் ஃபவுண்ட்' என்றால் பக்கத்திலேயே 'சேவ்ட் பாத்' இருக்கும், அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ட்ரைவ் எழுத்து. உங்கள் கணினியில் சர்வர் ஃபோல்டர் 'இசட்' ட்ரைவாக இருக்கலாம், எதிர் மேசையில் அதே ஃபோல்டர் 'பி' ட்ரைவாக இருக்கலாம். 'அப்சல்யூட்' பாதையில் லிங்க் செய்தவர் தன் கணினியின் எழுத்தைச் சேமித்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே ட்ரைவ் எழுத்து கொடுக்க வேண்டும், அல்லது சர்வர் பெயரில் தொடங்கும் நெட்வொர்க் முகவரி வழியாகப் போய் லிங்க் செய்ய வேண்டும்.

இரண்டாவது, மாடலின் இடம் மாறியது. 'ரிலேட்டிவ்' பாதை என்பது மாடல் இருக்கும் இடத்திலிருந்து சொல்லப்படும் வழி. ஃபோல்டரை முழுதாகத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது. மாடலை மட்டும் டெஸ்க்டாப்பில் 'சேவ் அஸ்' செய்தால் வழி அறுந்துபோகும்.

மூன்றாவது, பெயர் மாற்றம். இதுதான் அன்றாட வியாதி. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதியது' என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பெயரில் வரும் ஃபைலை யாராலும் லிங்க்கில் பிடித்து வைக்க முடியாது. நான் செய்வது இது: 'நடப்பு' என்று ஒரு ஃபோல்டர், அதில் தேதியோ திருத்த எண்ணோ இல்லாத நிலையான பெயரில் ஒரே ஒரு பிரதி. வந்த மூல ஃபைல்கள் தேதியோடு வேறு ஃபோல்டரில் தூங்கும். புதியது வந்தால் அதை நிலையான பெயருக்கு மாற்றி, நடப்பில் உள்ளதன் மேல் எழுதிவிட்டு, மாடலில் 'ரீலோட்'. பாதை மாறாததால் லிங்க்கும் அறாது.

மூன்றில் எதுவானாலும் உடனடித் தீர்வு 'ரீலோட் ஃப்ரம்'. சரியான ஃபைலைக் காட்டினால் பழைய இடம், பழைய நிறங்களோடு லிங்க் எழுந்து நிற்கும்.

பாதை சரி, ஃபைலும் இருக்கிறது, ஆனாலும் திறக்க மறுக்கிறது என்றால் டிடபிள்யூஜியின் வடிவப் பதிப்பைப் பாருங்கள். ஆட்டோகேட் கூட வேண்டாம். ஒரு நகலை நோட்பேடில் திறந்தால் கண்ணாபின்னா எழுத்துகளுக்கு முன்னால், முதல் ஆறு எழுத்துகள் தெளிவாக இருக்கும். 'ஏசி1032' என்றால் 2018 வடிவம், 'ஏசி1027' என்றால் 2013, 'ஏசி1024' என்றால் 2010. பழைய ரெவிட் வைத்திருப்பவர்கள் 2018 வடிவத்தைப் படிக்க முடியாமல் மாட்டிக்கொள்வது உண்டு. அனுப்பியவரிடம் 2013 வடிவத்தில் சேவ் செய்து தரச் சொன்னால் போதும்.

3. லோட் ஆகியிருக்கிறது, ஆனால் தெரியவில்லை

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். காரணம் ஒன்றல்ல, ஏழெட்டு சுவிட்சுகள். எதில் ஒன்று அணைந்திருந்தாலும் திரை வெறுமையாகத்தான் இருக்கும். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் 3டி வியூவைத் திறந்து 'ஜூம் டு ஃபிட்' கொடுங்கள். அங்கே ட்ராயிங் தெரிந்தால் லிங்க் நலமாக இருக்கிறது, கோளாறு உங்கள் பிளான் வியூவில். கட்டிடம் ஒரு புள்ளியாகச் சுருங்கி, எங்கோ தொலைவில் இன்னொரு புள்ளி தெரிந்தால் இந்தப் பகுதியை விட்டு நேராக ஐந்தாம் பகுதிக்குப் போங்கள். 3டியில் சுத்தமாக இல்லை என்றால், லிங்க் செய்யும்போது 'கரன்ட் வியூ ஒன்லி' பெட்டியில் டிக் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்த லிங்க் பிறந்த வியூவிலேயே அடைபட்டுக் கிடக்கும். எந்த வியூவில் பிறந்தது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து காப்பி செய்து, 'அலைன்ட் டு செலக்டட் வியூஸ்' வழியாக மற்ற பிளான்களில் ஒட்டலாம்.

பிளானுக்குத் திரும்பி, கீழே உள்ள பல்பு ஐகானை அழுத்துங்கள். மறைத்து வைத்த பொருள்கள் சிவப்பு நிறத்தில் வரும். ட்ராயிங் சிவப்பாக வந்தால் அதைத் தேர்ந்தெடுத்து 'அன்ஹைட்'.

வரவில்லையா? கீபோர்டில் 'வி' இரண்டு முறை தட்டி 'விசிபிலிட்டி கிராபிக்ஸ்' ஜன்னலைத் திறந்து, 'இம்போர்டட் கேட்டகரிஸ்' டேபுக்குப் போங்கள். அதன் உச்சியில் எல்லா டிடபிள்யூஜிகளுக்கும் பொதுவான ஒரு டிக் இருக்கிறது. பலர் கீழே உள்ள பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். அடுத்து ஃபைல் பெயர், பிறகு பிளஸ் குறியை விரித்தால் லேயர்கள். எல்லாம் சாம்பல் நிறத்தில் மாற்ற முடியாமல் இருந்தால் வியூ டெம்ப்ளேட் (பல வியூக்களுக்குப் பொதுவான அமைப்பு) பிடித்து வைத்திருக்கிறது. டெம்ப்ளேட்டிலேயே போய் மாற்ற வேண்டும்.

பிறகு வொர்க்செட். மூடியிருந்தால் திறங்கள். என் அரை நாள் கதை நினைவிருக்கட்டும்.

இனி வருவது கொஞ்சம் நுட்பம். எல்லா வியூக்களுக்கும் பொதுவாக லிங்க் செய்த டிடபிள்யூஜி, ரெவிட்டைப் பொறுத்தவரை ஒரு லெவலின் உயரத்தில் படுத்திருக்கும் பொருள். அதனால் வியூ ரேஞ்ச் (பிளானில் எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை தெரியும் என்ற வரம்பு) அதற்கும் பொருந்தும். சர்வே ட்ராயிங்கில் சமஉயரக் கோடுகள் கடல் மட்டத்திலிருந்து 420 மீட்டர் என்று உண்மையான உயரத்தில் வரையப்பட்டிருந்தால், பூஜ்ஜியத்தில் இருக்கும் உங்கள் தரைத்தள பிளானின் வெட்டுத் தளத்துக்கு மேல் அவை எங்கோ வானத்தில் மிதக்கும். பிளானில் எப்படித் தெரியும்?

அதே காரணத்தால் வரும் இன்னொரு வேடிக்கை: காலையில் தெரிந்த ட்ராயிங், மதியம் நீங்கள் தளம் வரைந்ததும் மறைந்துவிடும். தளத்தின் மேற்பரப்பும் லெவலின் உயரமும் ஒன்று, டிடபிள்யூஜி படுத்திருப்பதும் அதே உயரம். தளம் அதன் மேல் போர்வை போல மூடிவிட்டது. சந்தேகம் இருந்தால் வியூவை 'வயர்ஃப்ரேம்' ஆக்கிப் பாருங்கள், கோடுகள் சட்டென்று மேலே வரும். தீர்வுக்கு லிங்க்கின் 'பேஸ் ஆஃப்செட்' அளவைக் கொஞ்சம் உயர்த்தலாம், அல்லது அந்த வியூவில் தளத்துக்கு ட்ரான்ஸ்பரன்சி கொடுக்கலாம். 'கரன்ட் வியூ ஒன்லி' முறையில் லிங்க் செய்தது என்றால் அதன் ப்ராப்பர்ட்டியில் 'ட்ரா லேயர்' இருக்கும், அதை 'ஃபோர்கிரவுண்ட்' ஆக்கினால் போதும்.

கடைசியாக, நிறம். ஆட்டோகேடின் கருப்புத் திரைக்காகத் தேர்ந்தெடுத்த மஞ்சளும் வெளிர் சாம்பலும் ரெவிட்டின் வெள்ளைத் திரையில் ஆவி மாதிரி ஆகிவிடும். ட்ராயிங் அங்கேதான் இருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் எட்டாது. லிங்க் செய்யும்போதே நிறத்தை 'பிளாக் அண்ட் ஒயிட்' என்று வைப்பது என் பழக்கம்.

4. அளவு தப்பாக வருகிறது

கண்ணால் பார்த்து "ரொம்பப் பெரிசா இருக்கே" என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எத்தனை மடங்கு என்று அளந்தால் காரணம் தானாக வெளிவரும்.

அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை எடுங்கள். 900 மி.மீ. கதவு என்று வைத்துக்கொள்வோம். ரெவிட்டில் அளந்தால் 22,860 வருகிறது. 22,860-ஐ 900-ஆல் வகுத்தால் 25.4. மில்லிமீட்டரில் வரைந்ததை ரெவிட் அங்குலமாகப் படித்திருக்கிறது. 2,74,320 வந்தால் விகிதம் 304.8, மில்லிமீட்டரை அடியாகப் படித்திருக்கிறது. 1000 மடங்கு என்றால் மில்லிமீட்டர், மீட்டர் குழப்பம். 12 என்றால் அங்குலம், அடி. 39.37 என்றால் அங்குலம், மீட்டர். 3.28 என்றால் அடி, மீட்டர். இந்த ஆறு எண்களையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். விகிதம் இவற்றில் எதற்கும் பொருந்தாமல் 1.37 போல ஏதாவது வந்தால் யூனிட்டைத் தேட வேண்டாம். யாரோ ட்ராயிங்கையே கையால் 'ஸ்கேல்' செய்திருக்கிறார்கள்.

ரெவிட் பக்கத்து வைத்தியம்: லிங்க்கைத் தேர்ந்தெடுத்து 'எடிட் டைப்' போனால் 'இம்போர்ட் யூனிட்ஸ்', 'ஸ்கேல் ஃபேக்டர்' இரண்டும் இருக்கும். யூனிட்டைச் சரியாக மாற்றினால் அளவும் சரியாகும். லிங்க் செய்யும்போதே 'ஆட்டோ டிடெக்ட்' என்பதை நம்பாமல் யூனிட்டை நீங்களே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

ஆனால் நோய் டிடபிள்யூஜியில் இருக்கிறது. ஆட்டோகேடில் 'இன்ஸ்யூனிட்ஸ்' என்று அடித்துப் பாருங்கள். 0 என்றால் யூனிட்டே சொல்லப்படவில்லை, 1 அங்குலம், 2 அடி, 4 மில்லிமீட்டர், 5 சென்டிமீட்டர், 6 மீட்டர். இந்த எண்ணை மாற்றினால் கோடுகள் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகாது, டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள் மட்டுமே மாறும். கோடுகளின் அளவையே வேறு யூனிட்டுக்கு மாற்ற வேண்டுமானால் முன்னால் ஒரு ஹைபன் போட்டு 'டிடபிள்யூஜியூனிட்ஸ்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். லேபிள் தப்பா, உள்ளே இருக்கும் சரக்கே தப்பா என்று ஒரு கதவை அளந்து உறுதி செய்த பிறகே இரண்டில் ஒன்றைத் தொடுங்கள்.

அடியில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு விசித்திரம். 'சர்வே அடி' என்று அமெரிக்காவில் தனியாக ஒன்று உண்டு. சாதாரண அடி சரியாக 0.3048 மீட்டர். சர்வே அடியோ 1200-ஐ 3937-ஆல் வகுத்த மீட்டர். வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். கதவை அளந்தால் தெரியவே தெரியாது. ஆனால் ஆயத்தொலைவு 20,00,000 அடியாக இருக்கும் சர்வேயில் அதுவே நான்கு அடி நகர்வாக வந்து நிற்கும். "எல்லாம் சரி, மனை மட்டும் நாலடி தள்ளி இருக்கிறது" என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். 2022 முடிவோடு அங்கே அதிகாரபூர்வமாக இந்த அடியைக் கைவிட்டுவிட்டார்கள், பழைய ட்ராயிங்குகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

5. இடம் தப்பாக வருகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். காரணம் புரியாமல் செய்யும் எந்த 'மூவ்' கட்டளையும் அடுத்த வாரம் வேறு வடிவில் திரும்பி வரும்.

ரெவிட்டுக்குள் 'இன்டர்னல் ஆரிஜின்' என்று ஒரு அசையாத மையம் உண்டு. அதிலிருந்து 10 மைல், அதாவது சுமார் 16 கி.மீ. ஆரத்துக்குள் இருக்கும் வடிவங்களை மட்டுமே அது நம்பகமாகக் கையாளும். ஒரே டிடபிள்யூஜிக்குள் வடிவங்கள் 20 மைலுக்கு மேல் பரவிக் கிடந்தால் எச்சரிக்கை கொடுக்கும்.

சர்வேயர்களின் உலகம் வேறு. யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் ஆயத்தொலைவு தரும் முறை) முறையில் ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டுக்கும் கிழக்கு அளவு 5,00,000 மீட்டர் என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது அந்த ட்ராயிங்கின் பூஜ்ஜியப் புள்ளி உங்கள் மனையிலிருந்து கிழக்கு மேற்காக மட்டுமே சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதை 'ஆரிஜின் டு இன்டர்னல் ஆரிஜின்' முறையில் கொண்டுவந்தால் கட்டிடம் ரெவிட்டின் எல்லைக்கு வெகு வெளியே போய் விழும்.

தூரம் போனால் என்ன கெடுதல்? கிராபிக்ஸ் கார்டுகள் பெரும்பாலும் ஒற்றைத் துல்லிய எண்களில் கணக்குப் போடும். அதில் 24 பிட் துல்லியம்தான். 5,00,000 மீட்டர் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 31 மி.மீ.க்கு மேல். வட்டம் பலகோணமாகத் தெரிவது, சுவரின் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தின்பது, ஸ்னாப் பிடிக்க மறுப்பது எல்லாம் இந்த இடைவெளியின் கைவேலை.

டிடபிள்யூஜியில் செய்ய வேண்டியது. ஒரு நகலைத் திறங்கள். எல்லா லேயரையும் 'தா' (Thaw, உறைந்ததை விடுவிப்பது) செய்து, 'ஆன்' செய்யுங்கள். யூசிஎஸ்ஸை (ஆட்டோகேடின் ஆயத்தொலைவு அச்சு) 'வேர்ல்ட்' ஆக்கி, 'பிளான்' கொடுத்து, பிறகு 'ஜூம் எக்ஸ்டென்ட்ஸ்'.

எனக்கு வந்த ஒரு சைட் ட்ராயிங்கில் இந்தக் கட்டளைக்குப் பிறகு திரையே காலியானது. உற்றுப் பார்த்தால் மேல் வலது மூலையில் ஒரு தூசி, கீழ் இடது மூலையில் ஒரு தூசி. மேலே இருந்தது மொத்த மனை. கீழே, பூஜ்ஜியத்தில், யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு வடதிசைக் குறி. உறைய வைத்த லேயரில் இருந்ததால் வரைந்தவர் கண்ணில் அது பட்டதே இல்லை. ரெவிட் மட்டும் இரண்டையும் சேர்த்து அளந்து, 20 மைலுக்கு மேல் என்று கூச்சல் போட்டது.

இப்படிப்பட்ட குப்பையைத் தேடித் தேடி அழிக்க வேண்டாம். 'கன்ட்ரோல் ஏ' கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு உண்மையான ட்ராயிங்கைச் சுற்றிப் பெட்டி இழுத்தால் அது தேர்விலிருந்து விடுபடும். மிச்சம் இருப்பது குப்பை, 'டெலீட்' அழுத்துங்கள். லேயரைப் பூட்டி வைத்திருந்தால் அதிலுள்ளவை அழியாது, முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். அப்புறமும் அடங்கவில்லை என்றால் நல்ல பகுதியை மட்டும் 'டபிள்யூபிளாக்' மூலம் புது ஃபைலாக எழுதிக்கொள்ளுங்கள், அடிப்புள்ளியை 0,0,0 என்றே வைத்து.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: மனையை 'மூவ்' செய்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது. உங்கள் மாடல் அழகாக உட்காரும். அதே சர்வேயை நம்பி வேலை செய்யும் சாலை, வடிகால், கட்டமைப்புக் குழுக்கள் எதனோடும் அது இனி சேராது.

ரெவிட்டில் செய்ய வேண்டியது. சைட் பிளானில் சர்வேயை 'சென்டர் டு சென்டர்' முறையில் லிங்க் செய்யுங்கள். இது உங்கள் கட்டிடத்துக்குப் பக்கத்தில் வந்து விழும். கட்டிடம் எங்கே உட்கார வேண்டுமோ அதற்கேற்ப லிங்க்கை நகர்த்தி, சுழற்றுங்கள். கட்டிடத்தை நகர்த்தாதீர்கள். பொருந்திய பிறகு 'மேனேஜ்' டேபில் 'கோஆர்டினேட்ஸ்' என்பதற்குக் கீழே 'அக்வயர் கோஆர்டினேட்ஸ்' அழுத்தி, லிங்க்கைக் கிளிக் செய்யுங்கள். இனி மாடலுக்கு சர்வேயின் ஆயத்தொலைவுகள் தெரியும், ஆனால் வடிவங்கள் மையத்துக்கு அருகிலேயே இருக்கும். லிங்க்கை 'பின்' செய்துவிடுங்கள். அதே சர்வே முறையில் வரும் அடுத்த ட்ராயிங்குகளை 'பை ஷேர்ட் கோஆர்டினேட்ஸ்' முறையில் கொண்டுவந்தால் தாமாகவே இடத்தில் உட்காரும். இரண்டாவது ஃபைலிலிருந்து மறுபடி 'அக்வயர்' செய்தால் முதலில் வாங்கியதன் மேல் அது எழுதிவிடும். ஒரு மாடலுக்கு ஒரே மூலம் போதும்.

சரியாக வந்ததா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சர்வேயில் பெயர் தெரிந்த ஒரு குறியை எடுத்து, ஆட்டோகேடில் 'ஐடி' கட்டளையில் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெவிட்டில் 'ஸ்பாட் கோஆர்டினேட்' வைத்து அதே குறியைத் தொடுங்கள், அதன் டைப்பில் ஆரிஜின் 'சர்வே பாயின்ட்' என்று இருக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒரு குறி மட்டும் ஒத்துப்போனால் போதாது, எதிர் மூலையில் இன்னொன்றையும் பாருங்கள். திருகல் இருந்தால் அங்கேதான் தெரியும்.

பிறகு எப்போதாவது லிங்க்கைத் தெரியாமல் நகர்த்திவிட்டால், இடம் மாறிவிட்டது, சேமிக்கவா என்று ரெவிட் கேட்கும். பழக்க தோஷத்தில் 'சேவ்' அழுத்தாதீர்கள். அது உங்கள் மாடலோடு நிற்காது, லிங்க் செய்த ஃபைலிலும் போய் எழுதும்.

சாய்வுக் கோடுகளின் சதி. லிங்க் செய்யும் பெட்டியில் 'கரெக்ட் லைன்ஸ் தட் ஆர் ஸ்லைட்லி ஆஃப் ஆக்ஸிஸ்' என்ற டிக் தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கும். 0.1 டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்த கோடுகளை ரெவிட் நேராக்கிவிடும். கட்டிட பிளானுக்கு இது வரம்: அரைகுறையாக வரைந்த சுவர்கள் நேராகும், அவற்றின் மேல் வரையும் ரெவிட் சுவர்களும் எச்சரிக்கை கக்காது. மனை எல்லைக்கு இது சாபம். 60 மீட்டர் எல்லைக்கோடு உண்மையிலேயே 0.05 டிகிரி சாய்ந்திருந்தால், நேராக்கும்போது ஒரு முனை 52 மி.மீ. நகரும். பக்கத்து மனைக்காரர் அதற்குச் சும்மா இருக்க மாட்டார். சர்வே ட்ராயிங் என்றால் டிக்கை எடுத்துவிட்டு லிங்க் செய்யுங்கள்.

6. பாதி ட்ராயிங்தான் வருகிறது

காணாமல் போனது ட்ராயிங்கின் ஒரு முழுப் பகுதி என்றால், உதாரணமாக கிரிட் மொத்தமும் இல்லை என்றால், அது எக்ஸ்ரெஃப், அதாவது டிடபிள்யூஜிக்குள் இணைத்த இன்னொரு டிடபிள்யூஜி. ஆட்டோகேடில் 'எக்ஸ்ரெஃப்' பலகையைத் திறந்தால் உள்ளே தொங்கும் ஃபைல்களின் நிலை தெரியும். அனுப்பியவர் தாய் ஃபைலை மட்டும் அனுப்பி, குட்டிகளை மறந்திருப்பார். 'ஈட்ரான்ஸ்மிட்' செய்து எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். 'ஓவர்லே' முறையில் இணைத்த எக்ஸ்ரெஃப், அந்த ஃபைலை இன்னொன்றுக்குள் இணைக்கும்போது கூடவே வராது, 'அட்டாச்' முறையில் இணைத்தது வரும்.

எனக்கு ரெவிட்டுக்கு வரும் ஃபைலில் எக்ஸ்ரெஃப் இருப்பதே பிடிக்காது. நகலில் 'பைண்ட்' செய்து ஒரே ஃபைலாக்கிவிடுவேன். அப்போது இரண்டு வழி கேட்கும். 'பைண்ட்' என்றால் லேயர் பெயர்களுக்கு முன்னால் ஃபைல் பெயரும் டாலர் குறிகளும் சேர்ந்து, பெயர் ரயில் மாதிரி நீளும். 'இன்சர்ட்' என்றால் ஒரே பெயருள்ள லேயர்கள் ஒன்றாகிவிடும். பட்டியல் சுத்தமாக வேண்டும் என்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சாலைக் கோடும் நிலப்பரப்பும் மட்டும் வரவில்லை என்றால் ட்ராயிங் சிவில் 3டியில் பிறந்தது. அவை சாதாரணக் கோடுகள் அல்ல, அந்த மென்பொருளின் சொந்தப் பொருள்கள். ஹைபனோடு 'எக்ஸ்போர்ட்டுஆட்டோகேட்' கட்டளை கொடுத்தால் சாதாரணக் கோடுகளாக மாறிய புது ஃபைல் கிடைக்கும், அதை லிங்க் செய்யுங்கள்.

'பேப்பர் ஸ்பேஸில் எதுவும் இல்லை, மாடல் ஸ்பேஸிலிருந்து எடுக்கவா' என்று ரெவிட் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை, 'யெஸ்' சொல்லுங்கள். சேவ் செய்தவர் லேஅவுட் டேபில் நின்றுகொண்டு சேவ் செய்திருக்கிறார், அவ்வளவுதான். லிங்க் செய்யும்போது லேயருக்கு 'விசிபிள்' என்று தேர்ந்தெடுத்திருந்தால், அந்த நேரம் உறைந்திருந்த லேயர்கள் வராமல் போயிருக்கும்.

எழுத்து மட்டும் கேள்விக்குறியாகவோ வேறு வடிவிலோ வந்தால் எழுத்துரு. எஸ்எச்எக்ஸ் (ஆட்டோகேடின் சொந்த) எழுத்துருக்களை ட்ரூடைப்புக்கு (விண்டோஸின் வழக்கமான எழுத்துரு) மாற்றும் பட்டியல் ரெவிட்டின் டேட்டா ஃபோல்டரில் 'எஸ்எச்எக்ஸ்ஃபான்ட்மேப்' என்ற சிறு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. அதில் ஒரு வரி சேர்த்தால் சரியாகும்.

7. மாடல் ஊர்ந்து போகிறது

முதலில் தேவையில்லாத லிங்க்குகளை 'அன்லோட்' செய்து பாருங்கள். ஒவ்வொன்றாக அன்லோட் செய்து, வியூவை நகர்த்திப் பார்த்தால் குற்றவாளி நான்கைந்து முயற்சியில் பிடிபடுவான். வழக்கமாக அடர்த்தியான ஹேட்ச் நிரம்பிய நிலப்பரப்பு ட்ராயிங்காகத்தான் இருக்கும்.

அவனைக் கழுவும் முறை: நகலைத் திறந்து 'ஆடிட்', பிழைகளைச் சரிசெய்ய 'யெஸ்'. பிறகு 'பர்ஜ்', எதுவும் மிச்சமில்லாதவரை இரண்டு மூன்று முறை. ஹைபனோடு 'பர்ஜ்' கொடுத்து 'ரெகாப்ஸ்' (மென்பொருள்கள் ஃபைலில் விட்டுப்போகும் பதிவுப் பெயர்கள்) என்பதையும் துடையுங்கள், அது சாதாரண பர்ஜ் ஜன்னலில் கண்ணில் படாது. 'ஓவர்கில்' ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும். ரெவிட்டுக்குத் தேவையில்லாத ஹேட்ச், மரம், மேசை நாற்காலி, டைமென்ஷன் எல்லாம் போகட்டும். இரண்டு பரிமாண பிளான் என்றால் 'ஃப்ளாட்டன்', ஆனால் சமஉயரக் கோடுகள் உள்ள சர்வேயில் அதைத் தொட்டால் உயரங்கள் அத்தனையும் பூஜ்ஜியமாகிவிடும். வரைவது கொஞ்சம்தான், ஃபைல் மட்டும் நூறு எம்பி என்றால் மைக்ரோஸ்டேஷனிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கோட்டு வகைகளாக இருக்கலாம், அதற்கென்றே 'டிஜிஎன்பர்ஜ்' என்று ஒரு கட்டளை உண்டு.

யாராவது "எக்ஸ்ப்ளோட் பண்ணிடலாமே" என்பார்கள். லிங்க்கை எக்ஸ்ப்ளோட் செய்ய முடியாது, இம்போர்ட்டைத்தான் முடியும், அதுவும் 10,000 பொருள்களைத் தாண்டினால் ரெவிட் மறுத்துவிடும். தாண்டாவிட்டாலும் செய்யாதீர்கள். 'இம்போர்ட்' என்று தொடங்கும் கோட்டு வடிவங்களும் எழுத்து வகைகளும் மாடல் முழுக்கக் குடியேறும். 0.8 மி.மீ.க்கும் குட்டையான கோடுகள் இந்த உடைப்பில் காணாமலே போகும்.

8. ரீலோட் அழுத்தும் முன்

கழுவிய ஃபைலை நிலையான பெயரில் நடப்பு ஃபோல்டரில் வைத்தாயிற்று. 'ரீலோட்' அழுத்தும் முன் ஆட்டோகேடில் ஒரே ஒரு சோதனை: பழைய பிரதியில் குறித்து வைத்த சர்வே குறியையோ கிரிட் சந்திப்பையோ 'ஐடி' செய்து, எண் மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் ட்ராயிங்கை நகர்த்தியிருந்தால் மாடலுக்குள் வரும் முன் இங்கேயே பிடிபடும்.

ரீலோட் ஆனதும், டைமென்ஷன்களின் பிடிமானம் போய்விட்டது என்று ரெவிட் எச்சரித்தால் 'ஓகே' அழுத்த அவசரம் வேண்டாம். ஜன்னலை விரித்து எந்தெந்த டைமென்ஷன் என்று பாருங்கள். நான் அந்தப் பட்டியலை அப்படியே ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, கட்டமைப்புப் பொறியாளருக்கு அனுப்பிவிடுவேன். அவர் எந்தத் தூணை நகர்த்தினார் என்பதைத் திருத்தக் குறிப்பில் எழுத மறந்திருந்தாலும் அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.